கெங்கம்மாளின் பல்லுருளை

கெங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். வாயை இறுக மூடிக்கொள்வாள். மூக்கு மட்டும் விடைக்கும். ஆம்பூரில் லியாகத் அலி சாயபுவின் தோல் ஷாப்பில் பட்டை இடிக்கும் பெண்களுக்கு அந்த மூக்கைப் பார்த்தாலே போதும், இன்றைக்கு இவளிடம் வாய் கொடுக்கக்கூடாது என்று விலகிப் போய்விடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் அவளுக்கு வயது இருபத்துமூன்று. அதில் பத்து வருடம் உலக்கையோடு போயிருந்தது. ஷாப்புக்கு ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வரும். காய்ந்து சுருண்ட பட்டையைக் கல்லுரலில் போட்டு, இரும்புப் பூண் பிடித்த உலக்கையால் இடித்துத் துணுக்காக்க வேண்டும். அதை ஊறவைத்த தண்ணீரில்தான் தோல் பதமாகும். ஆறு பெண்கள், ஆறு உரல்கள், தலைக்குமேல் ஓலைக் கொட்டகை. இடிக்க இடிக்கத் தூசு எழும்பிக் கொட்டகையே காவி நிறமாகிவிடும். சாயந்திரம் மூக்கைச் சிந்தினால் சேலைத் தலைப்பில் ஒட்டுவதும் காவியாகவே இருக்கும். அவள் அம்மாவும் அதே கொட்டகையில்தான் இடித்தாள். முப்பத்திரண்டு வயதில், இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கு அவளுடைய உரல் காலியாக இருக்கக்கூடாது என்று மேஸ்திரி வேலாயுதம் வீட்டுக்கே ஆள் அனுப்பினார். பதின்மூன்று வயது கெங்கம்மாள் போய் நின்றாள்.

கூலி கூடைக் கணக்கு. மேஸ்திரியிடம் ஒரே ஒரு மூங்கில் கூடை இருந்தது. இடித்த பட்டையை அதில் கோபுரமாக நிரப்பினால் காலணா. அந்தக் கூடைக்கு ஒரு சட்டமும் உண்டு. ஒருகாலத்தில் மேஸ்திரிகள் கூடையைக் காலால் தட்டி, குலுக்கி, பட்டை அமுங்கியதும் "இன்னும் போடு, இன்னும் போடு" என்று வாங்கினார்களாம். பெண்கள் மூன்று நாள் உலக்கையைத் தொடாமல் உட்கார்ந்தார்கள். ஊறவைத்த தோல் அழுகி நாறத் தொடங்கியதும் அப்போதைய முதலாளி, லியாகத் அலியின் தகப்பனார், வெளியே வந்து சொன்னார்: "இனிமே கூடைய யாரும் தட்டக்கூடாது." அன்றிலிருந்து தட்டுவதில்லை.

தட்டாத கூடையை எப்படி நிரப்புவது என்பது பெண்களின் சொந்த வித்தை. முறத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களைப் பிரித்து, பட்டைத் துணுக்கைச் சிதறவிட வேண்டும். துணுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, நடுவில் இடம் விட்டு நிற்கும். முக்கால் கூடைப் பட்டை முழுக்கூடையாகக் காட்சி தரும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பூ விடுவது'. அதில் கெங்கம்மாளை மிஞ்ச ஆள் இல்லை. பக்கத்து உரல்காரி அமிர்தவள்ளி இரண்டு பிள்ளைகளோடு புருஷனை இழந்து வேலைக்கு வந்தபோது, விரலை எந்த அளவுக்குப் பிரிக்கவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கெங்கம்மாளின் புருஷன் காசி, வண்டிப் பட்டறையில் சக்கரம் செப்பனிடுபவன். குடியாத்தம் பக்கம் அவனுடைய அக்காள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போனபோது வயலோரத்தில் கரும்பு ஆலை ஓடியது. எல்லாரும் சாறு குடித்தார்கள். கெங்கம்மாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உருளையையே பார்த்தாள். கரும்பு உள்ளே போகிறது, சக்கை வெளியே வருகிறது, நடுவில் ஒரு தூசு இல்லை.

"இந்தாய்யா, அந்த உருளைக்குப் பல்லு இருந்தா பட்டைய இன்னா செய்யும்?"

"கடிக்கும். உன்ன மாதிரி" என்றான் காசி.

ஊருக்கு வந்ததும் அவனை விடவில்லை. கருவேல மரத்தில் இரண்டு உருளை கடைய வைத்தாள். மாட்டு லாடத்துக்கு அடிக்கிற ஆணிகளை வரிசை தப்பாமல் உருளை முழுக்க அவளே அறைந்தாள். இரண்டையும் எதிரெதிராகச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தைக் காசி புளியமரத்தில் செதுக்கினான். உருளைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு ஆப்பு. சுற்றுவதற்கு, உடைந்த நீர் இறைக்கும் சக்கரத்திலிருந்து எடுத்த ஓர் இரும்புக் கைப்பிடி. நான்கு பக்கமும் கோணிச் சாக்கு தொங்கவிட்டாள். மேலே பட்டையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், கீழே மாவாக விழுந்தது. சாக்குக்கு வெளியே காசியின் வெள்ளை வேட்டியை விரித்து வைத்து அரைநாள் சுற்றினாள். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. அந்த வேட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா செத்த நாளில் அழாதவள், பட்டறை மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

அரைநாளில் ஆணிகள் ஆடத் தொடங்கின. மரம் தாங்கவில்லை. பல் வைத்த இரும்பு உருளையாக வார்த்தால் இருபது வருடம் உழைக்கும். ராணிப்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் கேட்டுவரச் சொன்னாள். அறுபது ரூபாய் என்றார்கள். கூடைக்குக் காலணா வாங்குகிறவளுக்கு அறுபது ரூபாய் என்றால், அது இன்னொரு ஊர் மாதிரி. பெயர் மட்டும் தெரியும்.

முதலில் மிஷனின் கைத்தொழில் பள்ளிக்குப் போனாள். நல்ல தொழிலுக்கு அங்கே முன்பணம் கொடுப்பதாகக் கேள்வி. மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனை. உன் புருஷனை வரச்சொல்லு, விண்ணப்பத்துல கையெழுத்துப் போடட்டும்" என்றார்.

"செஞ்சது நானுங்க."

"சரிம்மா. செஞ்சது நீயே. கையெழுத்து அவர்தான் போடணும்."

காசி வந்தான். பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரை அவனிடம் ஆணியின் வரிசையைப் பற்றிக் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "என் சம்சாரத்தைக் கேளுங்க" என்றான். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தர் செய்ததைத் தன்னுடையது என்று சொல்லி முன்பணம் கேட்டவன் என்று எழுதி, விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கெங்கம்மாளின் மூக்கு விடைத்தபடியே இருந்தது. காசி இரண்டு அடி பின்னால் நடந்தான்.

அடுத்து லியாகத் அலி சாயபு. அவர் கெட்ட மனுஷர் இல்லை. சிரித்துப் பேசுவார், பண்டிகைக்கு எல்லாருக்கும் சோறு போடுவார். அதனாலேயே அவர்மேல் கோபப்படுவது கஷ்டமாக இருந்தது.

"அறுபது ரூபாயா? தூசுக்காகவா? தூசு என் மேல விழலியேம்மா" என்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி வேலாயுதம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு பொம்பளைங்க இருக்கறப்போ மிஷின் எதுக்கு? மிஷினுக்கு ரிப்பேர் வரும். உங்களுக்கு ரிப்பேர் வந்தா அடுத்த ஆளு வருது."

எங்க அம்மாளுக்கு அடுத்த ஆளாக நான் வந்த மாதிரி என்று வாய்வரைக்கும் வந்தது. மூடிக்கொண்டாள்.

ஷாப்பில் இன்னொரு கதவு இருந்தது. சாயபுவின் தாயார் அன்வரி பேகம் கோஷாவில் இருப்பவர். வெளியாண்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் ஷாப்பில் போட்ட மூலதனத்தில் பாதி அவர் தாய்வீட்டுப் பணம் என்பது ஊருக்கே தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மகன் மறுக்கமாட்டார். பேகத்துக்கு நீரிழிவு. கஷாயத்துக்கு ஆவாரம்பூ உலர்த்திக் கொடுப்பவள் கெங்கம்மாள். அதனால் மாதம் இரண்டு தடவை பின்கட்டு வழியாக உள்ளே போகிற உரிமை அவளுக்கு இருந்தது. எந்த ஆண்பிள்ளைக்கும் இல்லாத உரிமை அது.

பேகம் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"பீபியம்மா, கடனாக் குடுத்தாலும் சரி, பங்காப் போட்டாலும் சரி. மிஷின் உழைக்கும்."

"நான் வெளிய வந்து பாக்க முடியாதே கெங்கா."

"எப்பிடிப் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

பேகம் யோசித்தார். "விடிஞ்சதுலேருந்து மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும். ஒரு பக்கம் ஆறு பேரு இடிக்கட்டும். ஒரு பக்கம் உன் மிஷின். மேஸ்திரி கூடையில அளக்கட்டும். ஆறு பேருக்குச் சமமா வந்தா, அறுபது ரூபாய் என் கையிலேருந்து தர்றேன். கம்மியா வந்தா, என்ன மறுபடி பேஜார் பண்ணாதே."

கெங்கம்மாள் குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். கூடை என்ற சொல் அவள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பத்து வருடமாகக் கூடையை ஏமாற்றிப் பழகியவளுக்கு, அது தன்னை ஏமாற்றும் என்று தோன்றவே இல்லை.

அமிர்தவள்ளி மட்டும் அன்று சாயந்திரம் வழிமறித்தாள்.

"ஏண்டி, ஆறு பேரு வேலைய உன் மிஷினு செஞ்சிட்டா நாங்க இன்னா, பாலாத்து மணலத் திங்கறதா?"

"ஒருத்தரையும் அனுப்ப உடமாட்டேன். முறை போட்டுச் சுத்தலாம். கூடை ஜாஸ்தியாவும். தூசு இருக்காது. உன் பொண்ணு உன்ன மாதிரி இருமமாட்டா."

"சாயபு ஒத்துக்கினாரா?"

கெங்கம்மாள் நடையை எட்டிப்போட்டாள்.

"ஒத்துக்கினாரான்னு கேக்கறேன்."

"பீபியம்மாகிட்ட பேசிக்கறேன்."

"பேசு பேசு. நாளைக்கு நான் உனுக்காகக் கைய மெதுவா வைக்கமாட்டேன், தெரிஞ்சிக்கோ."

"வைக்காதே. யாரு உன்ன வைக்கச் சொன்னாங்க!"

மறுநாள் விடியும்போது முற்றத்தின் ஒரு பக்கம் ஆறு உரல். கெங்கம்மாளின் உரலில் வேறொருத்தியை நிறுத்தியிருந்தார் மேஸ்திரி. எதிர்ப் பக்கம் சாக்கு கட்டிய மிஷின், கெங்கம்மாள், காசி. சாயபு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்தடி தள்ளி, தோல் எடை போடுகிற பெரிய தராசு உத்தரத்தில் தொங்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அது தோலுக்கு உள்ளது.

அந்தக் காலைநேரம் போல ஒன்று கெங்கம்மாளின் வாழ்க்கையில் திரும்ப வரவில்லை. ஆப்பை இறுக்கி, உருளைகளை உரசும் அளவுக்கு நெருக்கி வைத்திருந்தாள். கட்டு கட்டாகப் பட்டை உள்ளே போனது. கீழே மாவு கொட்டியது. எதிரே ஆறு உலக்கைகள் வெறிபிடித்த மாதிரி ஏறி இறங்கின. அமிர்தவள்ளி தலைமுடி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் இடித்தாள். அவர்கள் பதினோராவது கட்டை அவிழ்த்தபோது கெங்கம்மாள் பதினேழாவதை முடித்திருந்தாள். காசி முதுகு வலியிலும் சிரித்தான். மசூதியிலிருந்து பாங்கு கேட்டது. எல்லாரும் நின்றார்கள்.

மேஸ்திரி கூடையைக் கொண்டுவந்தார்.

பெண்கள் முறத்தைத் தோளுக்குத் தூக்கினார்கள். விரல்கள் பிரிந்தன. பட்டை பூவாக இறங்கியது. ஒவ்வொரு கூடையும் கோபுரமாக நின்றது. முப்பத்துமூன்று.

கெங்கம்மாள் தன் மாவை முறத்தில் அள்ளித் தோளுக்குத் தூக்கினாள். விரலைப் பிரித்தாள். மாவு மாவாகவே விழுந்து, கூடையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த ஒரு முறத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முறத்துக்கு மேல் முறமாகக் கொட்டினாள். கூடை வாங்கிக்கொண்டே இருந்தது. கோபுரம் எழவே இல்லை. இருபத்தொன்பது.

"நாலு கூடை கம்மி" என்றார் மேஸ்திரி. அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இருபது வருடம் அந்தக் கூடையைப் பிடித்தவர். பூ விடுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பதைக் கெங்கம்மாள் அப்போது கண்டுகொண்டாள்.

"கட்டை எண்ணுங்க!" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நான் பதினேழு கட்டு முடிச்சேன். அவுங்க பதினொண்ணு!"

சாயபு எழுந்து வந்து கயிறுகளை எண்ணினார். பதினேழு. பதினொன்று. தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஆறு கட்டு ஜாஸ்தியா வாங்கியிருக்கே. நாலு கூடை கம்மியா குடுத்திருக்கே. அப்போ மீதி எங்கே?" சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு. "அடடே! மிஷின் பட்டையத் தின்னுதுடா!"

முற்றமே சிரித்தது. தோல் அலசுகிறவர்கள், சுண்ணாம்புத் தொட்டிக்காரர்கள், வண்டிக்காரர்கள், எல்லாரும். காசி தலையைக் குனிந்துகொண்டான்.

தராசு பத்தடியில் இருந்தது. ஒரு கூடை அவர்களுடையது, ஒரு கூடை இவளுடையது, இரண்டையும் தூக்கித் தட்டில் வைத்தால் முடிந்தது. சாயபுவின் சிரிப்பு தொண்டையிலேயே நிற்கும். கெங்கம்மாள் தராசைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

ஆறு பெண்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாரும் சிரிக்கவில்லை. அமிர்தவள்ளி முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

தராசில் கூடை ஏறினால், நாளையிலிருந்து எல்லாக் கூடையும் தராசில் ஏறும். காலணாவுக்கு முழுக்கூடைப் பட்டை, அமுக்கி, நிறுத்து. மூன்று நாள் பட்டினி கிடந்து வாங்கிய சட்டம் ஒரு நொடியில் போகும். மற்ற ஷாப்புகளுக்கும் செய்தி போகும். பேரணாம்பட்டு வரைக்கும் போகும்.

கெங்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்த சத்தம் காசிக்குக் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாலையில் பேகம் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பட்டையிலும் ஒவ்வொரு பிடி கொண்டுவரச் சொன்னார். கெங்கம்மாள் இரண்டு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனாள்.

பேகம் இரண்டையும் விரல் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். ஐம்பது வருடம் அடுப்படி நடத்தியவர்.

"உன்னுது மைதா மாதிரி இருக்குது."

"ஆமாங்க."

"மாவு அமுங்கும் கெங்கா. அவல் அமுங்காது. ஒரு படி அவலும் ஒரு படி மாவும் ஒண்ணா?" நிமிர்ந்து பார்த்தார். "கூடைக்குள்ள அவுங்க காத்த நிரப்பறாங்களா? நெசத்தச் சொல்லு. சொன்னா ரூபாயை இப்பவே தர்றேன்."

ரூபாய் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புத் துணியில் முடிந்து தயாராக இருந்தது. அறுபது ரூபாய் அவ்வளவு சின்ன மூட்டையாக இருக்கும் என்று கெங்கம்மாள் நினைத்ததில்லை.

"காத்து இல்லீங்க பீபியம்மா. என் மிஷினுதான் சரியில்ல. தூசு பறந்து போச்சு. பாதிப் பட்டை காத்துல போயிடுச்சு."

"நாலு பக்கமும் சாக்கு கட்டியிருக்கேன்னியே? வேட்டி விரிச்சுப் பாத்தேன்னியே?"

"சாக்கு கிழிஞ்சிடுச்சுங்க."

தூசு பறக்கக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தாள். அந்த ஒன்றைத்தான் தன் வாயாலேயே பொய்யாக்க வேண்டியிருந்தது. பேகம் நெடுநேரம் அவள் மூக்கையே பார்த்தார். பிறகு சிவப்புத் துணியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அப்போ தின்னுற மிஷினுக்கு நான் எதுக்குப் பணம் போடணும்? போ. பூவை மட்டும் மறக்காதே."

வெளியே அமிர்தவள்ளி காத்திருந்தாள். "சொல்லிட்டியா?"

கெங்கம்மாள் அவளைத் தாண்டி நடந்தாள்.

"கெங்கா, சொல்லிட்டியாடீ? புள்ளைங்க மேல சத்தியமாக் கேக்கறேன்."

அப்போதுதான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நடுத்தெருவில் கெங்கம்மாள் கத்தினாள். "சொல்லலடீ! சொல்லல! உனுக்கு விரலப் பிரிக்கச் சொல்லிக் குடுத்த கைய ஒடைச்சிக்கணும்! போய் நல்லாப் பூ உடு, போ! இருமிக்கினே உடு!"

நேராகப் பட்டறைக்குப் போனாள். வண்டியில் திரும்பி வந்திருந்த மிஷினை ஓர் உதை உதைத்தாள். கால் வீங்கியது. ஆப்பு ஒன்று கழன்று தெறித்தது. கோபம் தீரவில்லை. கிடந்த பட்டையை அள்ளி உள்ளே திணித்துக் கைப்பிடியை வெறிகொண்டு சுற்றினாள். அகன்றுபோன உருளைகள் பட்டையை அரைக்கவில்லை. கடித்துக் கிழித்து, சுருள் சுருளாகத் துப்பின. கீழே விழுந்தது மாவாக இல்லை. நார் நாராக, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே படுத்து, மலர்ந்து கிடந்தது.

காசி விளக்கைத் தூக்கிப் பிடித்தான். "இன்னா புள்ள இது, இடிச்ச பட்டை மாதிரியே இருக்குது?"

அதைவிட மேலாக இருந்தது. எந்த உலக்கையும் அப்படிப் பூ விட்டதில்லை. கெங்கம்மாளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. நல்லதாகச் செய்தபோது தின்னுகிற மிஷின். மட்டமாகச் செய்தால் கூடை நிறைகிறது. அந்தக் கேவலத்தைப் பார்த்துப் பார்த்து அவள் மூக்கு விடைத்தது.

ஒரு மாதம் அமிர்தவள்ளியோடு பேசவில்லை. அதன்பிறகும் பேசியது வேலைப்பேச்சுதான்: "சுத்தறியா, போடறியா?" ஆப்பு தளர்ந்தபடியே கொட்டகை மூலையில் மிஷின் வந்து நின்றது. மேஸ்திரி ஓடிப்போய் சாயபுவிடம் சொன்னார். சாயபு கேட்டது ஒரே கேள்வி: "என் பணம் இல்லையே? அப்போ எனக்கு இன்னா. கூடை நிறைஞ்சா காலணா." பந்தயத்தன்று கெங்கம்மாளின் உரலில் நின்றவளும் தங்கிவிட்டதால், ஆறு பேரும் கெங்கம்மாளுமாக ஏழு பேர் முறை போட்டுச் சுற்றினார்கள். வாரம் ஒரு தடவை ஆணிகள் விழும். ஆளுக்கொரு காலணா போட்டு லாட ஆணி வாங்கினார்கள். அந்த மிஷினில் வேறு யாரும் ஒரு காசு போட்டதில்லை. சாக்குக்கு வெளியே தூசு இல்லை. அந்த மழைக்காலத்தில் அமிர்தவள்ளியின் இருமல் குறைந்தது. அதைக் கெங்கம்மாள் கவனித்தாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறு வருடம் ஆவணியில் சென்னையிலிருந்து இரண்டு தோல் வியாபாரிகள் வந்தார்கள். கொட்டகைக்குள் நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சாயபு, இது எங்க வாங்கினது? எங்களுக்கு ரெண்டு வேணுமே."

"வாங்கறதா?" லியாகத் அலி சாயபு மார்பை நிமிர்த்தினார். "நம்ம கம்பெனியிலேயே செஞ்சது. நாமதான் பணம் போட்டுச் செய்ய வெச்சோம்."

சுற்றிக்கொண்டிருந்தவள் கெங்கம்மாள். கை நின்றது. உருளைகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓய்ந்தன.

"இன்னா ஆச்சு? ஏன் நிறுத்திட்டே? சுத்தும்மா, பாக்கறாங்க" என்றார் சாயபு.

கெங்கம்மாள் கைப்பிடியை அச்சிலிருந்து உருவினாள். சேலைத் தலைப்பால் எண்ணெயைத் துடைத்தாள்.

"வேணாங்க சாயபு" என்றாள். "மிஷின் பட்டையத் தின்னும்."

கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமிர்தவள்ளிதான். பிறகு ஆறு பேரும் சிரித்தார்கள். வியாபாரிகள் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயபுவின் காது சிவந்தது. கெங்கம்மாள் கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரைத் தாண்டி, மேஸ்திரியைத் தாண்டி, வாசலைத் தாண்டி நடந்து போனாள். அன்றைக்கு மிச்ச ஐந்து மணி நேரமும் மிஷின் நின்றது. மறுநாளும் நின்றது. வியாபாரிகள் சாயபுவின் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டு, மிஷின் எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி வேலாயுதம் பட்டறைக்கு வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் ஆள் அனுப்பியவர், இந்தத் தடவை தானே வந்தார். கையில் சிவப்புத் துணி முடிச்சு. "பீபியம்மா குடுத்தாங்க. இரும்பு உருளைக்கு. உன்ன வரச்சொன்னாங்க."

கெங்கம்மாள் முடிச்சை வாங்கவில்லை. "கூடையத் தட்டமாட்டீங்களே?"

"இன்னாது?"

"இரும்பு வந்தாலும் கூடைதான். தராசு கிடையாது. ஏழு பேர்ல ஒருத்தி வெளிய போவக்கூடாது. இத சாயபு அவுரு வாயால சொல்லட்டும், கொட்டகையில, எல்லாரும் கேக்க."

சாயபு சொன்னார். கடுப்போடு, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

ராணிப்பேட்டையிலிருந்து இரும்பு உருளைகள் மாட்டு வண்டியில் வந்தன. ரசீதில் சாயபு கம்பெனியின் பெயர் இருந்தது. சென்னைக்காரர்கள் செய்துகொண்ட இரண்டு மிஷின்களிலும் அந்தப் பெயரே பொறித்திருந்ததாம். கெங்கம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. பேகத்துக்கு ஆவாரம்பூவை அதன்பிறகு அமிர்தவள்ளியிடம்தான் கொடுத்தனுப்பினாள். பணம் கொடுத்தவர் என்ற மரியாதை உண்டு. அந்த மாலை தலையணைக்கு அடியில் போன சிவப்புத் துணியை அவளால் மறக்க முடியவில்லை.

அவள் இன்னும் பத்து வருடம் அந்த ஷாப்பில் வேலை செய்தாள். மாலைப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு வேலை முடிந்து பெண்கள் வரிசையாக வெளியே வருவார்கள். கடைசியில் கெங்கம்மாள் வருவாள், கக்கத்தில் அந்த இரும்புக் கைப்பிடியோடு. மழையானாலும் காய்ச்சலானாலும் அதை ஷாப்பில் விட்டுவிட்டு வந்ததில்லை. புதுக் கைப்பிடி ஒன்று செய்து வைக்கலாமே என்று மேஸ்திரி ஒருமுறை ஆரம்பித்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. அவர் பேச்சை மாற்றி, மழை வருமா என்று கேட்டார்.